பேலட்டில் பெயர் இல்லாமல் ஸ்கூல் போர்டுக்குப் போட்டியிடலாமா?

கேள்வி: நான் டெக்சஸில், டல்லாஸுக்கு வடக்கே இருக்கிறேன். அமெரிக்கக் குடியுரிமை வாங்கி ஆறு வருடம் ஆகிறது. அக்டோபர் முதல் வாரம் புது வீட்டுக்குக் குடிவந்தோம். கவுண்டி அதே கவுண்டிதான், பள்ளி மாவட்டம் மட்டும் வேறு. மகள் படிக்கும் பள்ளியில் சிறப்புக் கல்வி ஆசிரியர்களைக் குறைத்துவிட்டார்கள். அது தொடர்பாகக் கூட்டங்களுக்குப் போய்ப் பேசிப் பேசி, கடைசியில் நாமே ஸ்கூல் போர்டுக்கு (பள்ளி மாவட்டத்தை நிர்வகிக்க மக்கள் தேர்ந்தெடுக்கும் குழு) நிற்கலாமே என்று தோன்றியது. மே மாதத் தேர்தலுக்கு மனு போடலாம் என்று விசாரித்தால், ஆறு மாதம் குடியிருக்கவில்லை, தகுதி இல்லை என்கிறார்கள். நண்பர் ஒருவர், "ரைட்-இன் வேட்பாளராக நில், அதற்கு எந்த விதியும் கிடையாது, ஜனங்கள் உன் பெயரை எழுதினால் போதும்" என்கிறார். உண்மையா? அந்த இடத்துக்கு இப்போது இருப்பவரைத் தவிர யாரும் போட்டியிடவில்லை. பழைய வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறேன். நவம்பர் தேர்தலில் பழைய வாக்குச்சாவடியிலேயே ஓட்டுப் போட்டேன், அதனால் சிக்கல் வருமா? கலிபோர்னியாவில் இருக்கும் என் தங்கையும் இதே யோசனையில் இருக்கிறாள். அங்கேயும் இதே விதிதானா?

— பாலசுப்ரமணியன்

பதில்:

அன்புள்ள பாலசுப்ரமணியன் அவர்களுக்கு,

உங்கள் நண்பர் சொன்னது பாதி சரி, பாதி தப்பு. நீங்கள் ரைட்-இன் வேட்பாளராக நிற்க வாய்ப்பு இருக்கிறது. ஆனால் விதியே கிடையாது என்பதால் வரும் வாய்ப்பு அல்ல இது. டெக்சஸ் சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது, அந்த வரிதான் உங்களுக்குக் கதவைத் திறக்கிறது. அதைச் சரியாகப் பிடித்துக்கொள்ளாமல் கிளம்பினால் பிப்ரவரியிலேயே கதை முடிந்துவிடும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நம் ஊரில் இப்படி ஒரு வழக்கமே இல்லை. வாக்குச்சீட்டுக் காலத்தில் முத்திரை குத்துவதோடு சரி. ஓட்டுப் போட்டவர் யார் என்று காட்டும்படி அதில் ஏதாவது எழுதிவிட்டால் செல்லாத ஓட்டு. அதனால் அமெரிக்க பேலட்டில் கடைசி வேட்பாளருக்குக் கீழே காலியாக ஒரு கோடு இருப்பதைப் பார்க்கும்போது, யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம், எழுதினால் எண்ணுவார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். எழுதலாம்தான். ஆனால் எண்ணுவார்களா என்பது தனிக் கேள்வி. அதற்குப் பதில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

ஹவாய், ஒக்லஹோமா, தெற்கு டகோட்டா, நெவாடா, லூயிசியானா ஆகிய மாநிலங்களில் ரைட்-இன் ஓட்டே கிடையாது. ஹவாயில் ஒரு வாக்காளர் இதை எதிர்த்து வழக்குப் போட்டார். அவர் தொகுதியில் மாநில சட்டமன்றத்துக்கு ஒரே ஒருவர்தான் மனு போட்டிருந்தார், வேறு யாருக்காவது ஓட்டுப் போட எனக்கு வழி வேண்டும் என்பது அவர் வாதம். 1992-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. வேட்பாளராக நிற்க நியாயமான வழி வேறு இருக்கும்போது, ரைட்-இன் ஓட்டை ஒரு மாநிலம் தடை செய்யலாம் என்பது இன்றுவரை சட்டம். இதற்கு நேர் எதிராக நியூ ஜெர்சி, பென்சில்வேனியா போன்ற இடங்களில் முன்கூட்டி எந்தக் காகிதமும் கொடுக்காமலேயே ரைட்-இன் ஓட்டு வாங்கலாம். பெரும்பாலான மாநிலங்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கின்றன: ரைட்-இன் உண்டு, ஆனால் குறித்த தேதிக்குள் அறிவிப்புப் படிவம் கொடுத்தவருக்கு விழும் ஓட்டை மட்டுமே எண்ணுவோம் என்பார்கள். டெக்சஸ் அந்த வகை. படிவம் கொடுக்காதவர் பெயரை ஆயிரம் பேர் எழுதினாலும் எண்ணிக்கையில் வராது.

இரண்டு விஷயங்களை நீங்கள் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஒன்று, பேலட்டில் பெயர் அச்சாவதற்கான தகுதி. மற்றொன்று, அந்தப் பதவியில் உட்காருவதற்கான தகுதி. ரைட்-இன் என்பது முதல் தடையை மட்டும் தாண்டும் வழி. இரண்டாவது எல்லோருக்கும் ஒன்றுதான். அமெரிக்கக் குடியுரிமை, 18 வயது, வாக்காளர் பதிவு, மாநிலத்தில் தொடர்ந்து 12 மாதம், அந்தப் பதவிக்குரிய எல்லைக்குள் தொடர்ந்து 6 மாதம் குடியிருப்பு, பெருங்குற்றத் தண்டனை நிலுவையில் இல்லாமை என்று டெக்சஸ் கேட்பது அத்தனையும் ரைட்-இன் வேட்பாளருக்கும் பொருந்தும்.

அப்புறம் உங்களுக்கு எங்கே வாய்ப்பு என்கிறீர்களா? அந்த ஆறு மாதத்தை எந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவது என்பதில்தான்.

டெக்சஸ் தேர்தல் சட்டம் 141.001-ஆம் பிரிவு, ஐந்தாவது உட்பிரிவு. பேலட்டில் பெயர் வர வேண்டும் என்று கேட்கும் ஸ்கூல் போர்டு வேட்பாளருக்கு, மனுத் தாக்கலின் கடைசி நாளிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். அதுவே ரைட்-இன் வேட்பாளர் என்றால், அவர் பெயர் எழுதப்படும் தேர்தல் நாளிலிருந்து எண்ண வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய இரண்டரை மாத வித்தியாசம். 2025-ஐ உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். தேர்தல் மே 3. பேலட்டுக்கான கடைசி நாள் 78 நாள் முன்னால், பிப்ரவரி 14. அதன்படி பேலட் வேட்பாளர் முந்தைய ஆகஸ்ட் நடுவிலேயே குடிவந்திருக்க வேண்டும். ரைட்-இன் வேட்பாளருக்கு நவம்பர் தொடக்கம் போதும். அக்டோபர் முதல் வாரம் குடிவந்த நீங்கள் பேலட்டுக்குத் தகுதி இல்லாதவர், ரைட்-இன்னுக்குத் தகுதி உள்ளவர். உங்களிடம் தகுதி இல்லை என்று சொன்னவர்கள் தப்பாகச் சொல்லவில்லை, அவர்களிடம் கேட்கப்பட்ட கேள்விக்குச் சரியான பதிலைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

இதே மாதிரி தேதிக் கணக்கில் மாட்டிக்கொண்டு ரைட்-இன்னால் மீண்டு வந்தவர் ஒருவர் உண்டு. டெட்ராய்ட் மேயராக இருந்த மைக் டக்கன். அந்த நகரச் சாசனப்படி, மனு கொடுக்கும்போது வேட்பாளர் ஓர் ஆண்டு அங்கே குடியிருந்து வாக்காளராகவும் பதிவு செய்திருக்க வேண்டும். டக்கன் அங்கே வாக்காளராகப் பதிந்தது 2012 ஏப்ரல் நடுவில். அவர் 2013 ஏப்ரல் தொடக்கத்திலேயே மனுவைக் கொடுத்துவிட்டார். கடைசி நாள் மே மாதம். இரண்டு வாரம் பொறுத்திருந்து கொடுத்திருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. நீதிமன்றம் பேலட்டிலிருந்து பெயரை எடுத்துவிட்டது. அதன் பிறகு ரைட்-இன் வேட்பாளராக அறிவித்தபோது ஓராண்டு தாண்டிவிட்டதால் தகுதி சரியாகிவிட்டது. ஆகஸ்டில் நடந்த முதற்கட்டத் தேர்தலில் மக்கள் அவர் பெயரைக் கையால் எழுதி முதலிடத்துக்குக் கொண்டுவந்தார்கள், நவம்பரில் மேயரானார். ஆர்வத்தில் சீக்கிரம் மனு கொடுத்ததே தகுதியைக் கெடுத்த கதை இது. குடியிருப்பு விஷயத்தில் நான் ஏன் ஒவ்வொரு நாளாக எண்ணுகிறேன் என்பது இப்போது புரியும்.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்த வரி, நவம்பரில் பழைய வாக்குச்சாவடியில் ஓட்டுப் போட்டேன் என்பது. சட்டத்தின் கண்ணில் குடியிருப்பு என்றால் நிலையான வீடு, தற்காலிகமாக வெளியே போனாலும் திரும்பி வரும் எண்ணம் உள்ள இடம். (அதனால் டிசம்பரில் ஆறு வாரம் மதுரைக்குப் போய்வந்தாலும் தொடர்ச்சி அறுந்துவிடாது.) எங்கே தூங்கினீர்கள் என்பதோடு, எதை வீடாகக் கருதினீர்கள் என்பதையும் பார்ப்பார்கள். அப்படிப் பார்க்கும்போது உங்கள் எண்ணத்துக்குச் சாட்சி சொல்வது உங்கள் காகிதங்கள்தான்.

இப்போது எண்ணிப் பாருங்கள். நவம்பர் தேர்தல் நாளிலிருந்து மே முதல் சனிக்கிழமை வரை எவ்வளவு? ஆறு மாதத்துக்கு இரண்டு நாள் குறைகிறது. அதாவது, "நவம்பர் தேர்தலன்று இவர் பழைய முகவரியில்தான் குடியிருந்தார், அங்கேதானே ஓட்டுப் போட்டார்" என்று எதிரணி நிறுவிவிட்டால், உங்கள் தகுதி இரண்டே நாளில் போய்விடும்.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. ஒரே கவுண்டிக்குள் வீடு மாறி, பதிவை மாற்றாமல் ஓட்டுப் போட வருபவரிடம், முகவரி மாறியிருக்கிறதா என்று வாக்குச்சாவடியில் கேட்பார்கள். மாறியிருந்தால் குடியிருப்பு அறிக்கை என்று ஒரு படிவம் நிரப்பித் தர வேண்டும். நீங்கள் அன்று புது முகவரியை எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால், உங்களுக்கு எதிராக இருக்கும் என்று நினைக்கிற அதே நாள் உங்களுக்கு ஆதரவான சாட்சியாக மாறிவிடும். ஒன்றும் சொல்லாமல், பழைய முகவரியைக் காட்டும் ஓட்டுநர் உரிமத்தை நீட்டி ஓட்டுப் போட்டுவிட்டு வந்திருந்தால் நிலைமை வேறு. பழைய சாவடியில் போட்ட ஒரு ஓட்டு மட்டுமே முடிவான சான்று ஆகிவிடாது என்றாலும், நிரூபிக்கும் பாரம் உங்கள் பக்கம் வந்துவிடும். வீட்டுப் பத்திரம் முடித்த தேதி, மின்சார இணைப்பு, மகளைப் புதுப் பள்ளியில் சேர்த்த தேதி எல்லாவற்றையும் எடுத்து வைக்க வேண்டியிருக்கும்.

பழைய வீட்டுக்கு ஹோம்ஸ்டெட் வரிச்சலுகை இன்னும் உங்கள் பெயரில் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். நான் நடத்தும் வழக்குகளில் எதிரணி முதலில் தேடிப் பார்ப்பது இதைத்தான். இது என் முதன்மைக் குடியிருப்பு என்று நீங்களே அரசிடம் சொல்லி வாங்குகிற சலுகை அது. ஒரு வீட்டுக்கு வரிச்சலுகை, இன்னொரு வீட்டின் பேரில் வேட்புமனு என்றால் பதில் சொல்வது கஷ்டம். டெக்சஸில் தேர்தலுக்கு முன் ஒரு வேட்பாளரைத் தகுதியற்றவர் என்று அறிவிக்க, அவர் படிவத்திலேயே அது தெரிய வேண்டும், அல்லது வேறொரு பொது ஆவணம் அதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவ வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்பதெல்லாம் போதாது. ஆனால் வரிப் பதிவும் வாக்காளர் பதிவும் பொது ஆவணங்கள். வாடகைக்கு விட்ட வீட்டில் அந்தச் சலுகையை வைத்திருப்பது, தேர்தலை விட்டுத்தள்ளினாலும், தனியாகவே ஒரு வரிப் பிரச்சினை. உடனே எழுதிக் கொடுத்து நீக்குங்கள். வாக்காளர் பதிவையும் உரிமத்தையும் இந்த வாரமே மாற்றுங்கள். டெக்சஸில் பதிவு, விண்ணப்பித்து 30 நாள் கழித்தே நடைமுறைக்கு வரும்.

படிவத்துக்கு வருவோம். ஸ்கூல் போர்டுக்கு ரைட்-இன் அறிவிப்புக் கொடுக்கக் கடைசி நாள் தேர்தலுக்கு 74 நாள் முன்பு. 2025-இல் அது பிப்ரவரி 18, பேலட் கெடுவுக்கு நான்கே நாள் கழித்து. ஏப்ரல் வரை பொறுத்துப் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். மாநில, கவுண்டிப் பதவிகளுக்குக் கெடு இன்னும் முன்னால், கட்டணமோ கையொப்பமோ வேறு கேட்பார்கள். அந்தத் தேர்தல்களில் கட்சியின் உட்தேர்தலில் தோற்றவர் அதே பதவிக்கு ரைட்-இன்னாக வரவும் டெக்சஸில் தடை. உங்களுக்கு அந்தச் சிக்கல் எதுவும் இல்லை.

அந்தப் படிவம் சத்தியப் பிரமாணத்தோடு, நோட்டரி முன்னால் கையெழுத்திடும் ஆவணம். அதில் ஒரு கட்டம், இந்த எல்லைக்குள் தொடர்ந்து எவ்வளவு காலம் குடியிருக்கிறீர்கள் என்று கேட்கும். பிரமாணம் எடுக்கும் நாள் வரையிலான கணக்கு அது. பிப்ரவரியில் உங்களுக்கு நான்கு மாதம்தான் ஆகியிருக்கும். நான்கு மாதம் என்றே எழுதுங்கள். ஆறு மாதம் தேவை என்று சொன்னார்களே, குறைத்து எழுதினால் தள்ளிவிடுவார்களோ என்று பயந்து ஆறு என்று எழுதிவிடாதீர்கள். அது பொய்ப் பிரமாணம், அதோடு உங்களுக்கு அந்தப் பொய் தேவையும் இல்லை. அலுவலகத்தில் இருப்பவருக்கு, வருடம் முழுக்கப் பேலட் மனுக்களையே பார்த்த பழக்கத்தில், நான்கு மாதம் என்றதும் கை நிற்கும். 141.001-ஆம் பிரிவை அச்செடுத்து, ரைட்-இன் வேட்பாளர் பற்றிய வரியை அடிக்கோடிட்டுப் படிவத்தோடு கையில் வைத்திருங்கள். பொறுமையாகக் காட்டுங்கள். ஒரு முறை என்னிடம் வந்த ஒருவர், எல்லாம் சரியாக நிரப்பிக் கடைசி நாள் மாலை நாலரை மணிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். நோட்டரி தேதி போட மறந்திருந்தார். ஐந்து மணிக்குக் கதவு சாத்திவிட்டார்கள். அதற்கு அப்புறம் எந்த வாதமும் எடுபடவில்லை. கெடுவுக்கு ஒரு வாரம் முன்னால் கொடுத்துவிட்டால், குறை இருந்தாலும் திருத்திக் கொடுக்க நேரம் இருக்கும்.

எந்த இடத்துக்கு நிற்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். சில பள்ளி மாவட்டங்களில் 'பிளேஸ் 3', 'பிளேஸ் 4' என்று எண் போட்டு, மாவட்டம் முழுவதும் ஓட்டுப் போடும். சிலவற்றில் தனித்தனித் தொகுதி. தொகுதி முறை என்றால் உங்கள் புது வீடு அந்தத் தொகுதிக் கோட்டுக்குள் இருக்க வேண்டும்.

எதிர்ப்பே இல்லாத இடம் என்று எழுதியிருக்கிறீர்கள். இதை நீங்கள் எவ்வளவு யோசித்தீர்களோ தெரியாது, இது சாதாரண விஷயம் இல்லை. டெக்சஸில் எல்லா இடத்துக்கும் ஒரே ஒருவர்தான், ரைட்-இன் அறிவிப்பும் வரவில்லை என்றால் தேர்தலையே ரத்து செய்துவிட்டு, மனு போட்டவர் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்று அறிவித்துவிடலாம். சின்ன ஊர்களில் இது அடிக்கடி நடக்கிறது. ரைட்-இன்னுக்குக் கெடு வைத்திருப்பதன் ஒரு காரணம் இதுதான்: அது தாண்டினால்தான் எதிர்ப்பில்லை என்று சான்று கொடுக்க முடியும். நீங்கள் கொடுக்கும் அந்த ஒற்றைத் தாள், ரத்தாகியிருக்கக்கூடிய ஒரு தேர்தலை நடக்க வைக்கும். மாவட்டத்துக்குச் செலவு. அதைக் காட்டி உங்களைக் குறை சொல்வார்கள். அதே சமயம், சிறப்புக் கல்வி ஆசிரியர்களை ஏன் குறைத்தீர்கள் என்று ஒருவர் ஊர் முன்னால் பதில் சொல்ல வேண்டிய நிலைமையும் அதனால்தான் வரும். சம்பளம் இல்லாத பதவி இது, மூன்று அல்லது நான்கு ஆண்டு வேலை. உங்கள் கடிதத்தைப் படித்தபோது நீங்கள் நிற்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

தகுதி சரியாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்புறம் பெயர். நம்மவர்களுக்கு இது தனிப் பிரச்சினை. உங்கள் பெயர் ஆங்கிலத்தில் பதினைந்து எழுத்து. பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயர் இருக்கும். பள்ளி வாசலில் உங்களைத் தெரிந்த அம்மா அப்பாக்கள் எல்லோருக்கும் நீங்கள் 'பாலா'. வாக்காளர் எதை எழுதுவார்?

அலாஸ்காவில் 2010-இல் செனட்டர் லிசா முர்கோவ்ஸ்கி கட்சியின் உட்தேர்தலில் ஜோ மில்லரிடம் தோற்றுவிட்டு, ரைட்-இன்னாக நின்றார். அவர் பிரச்சாரத்தில் பாதி எழுத்துக்கூட்டல் பாடம்தான். பெயர் அச்சடித்த கைப்பட்டை கொடுத்தார்கள், விளம்பரத்தில் எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதினார்கள். மில்லர் தரப்பு ஒவ்வொரு சீட்டாகப் பார்த்து, எழுத்துப் பிழை என்று 8,000-க்கும் மேலான ஓட்டுகளை எதிர்த்தது. அவற்றை முழுக்கக் கழித்தாலும் முர்கோவ்ஸ்கியே முன்னால் இருந்தார். வாக்காளர் யாரை நினைத்து எழுதினார் என்று தெரிந்தால் பிழை இருந்தாலும் செல்லும் என்று அலாஸ்கா உச்ச நீதிமன்றமும் சொன்னது. பென்சில்வேனியாவில், ஒரே ஆளைப் பலவிதமாக எழுதிய ஓட்டுகளை ஒன்றாகச் சேர்க்க வேட்பாளர் நீதிமன்றத்துக்கே மனுப் போட வேண்டிவரும்.

டெக்சஸ் ஓரளவு தயவு காட்டுகிறது. அறிவித்த ரைட்-இன் வேட்பாளர் பட்டியல் வாக்குச்சாவடியில் இருக்கும். வேட்பாளர் தன் பெயரோடு, குறைந்தது மூன்று வருடமாக எல்லோரும் கூப்பிடும் செல்லப்பெயரையும் போட்டுக்கொள்ளலாம். ஒரே சொல்லாக, பத்து எழுத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும். 'பாலா' தாராளமாக அடங்கும். படிவத்தில் பட்டியலுக்கான பெயர் என்று கேட்கும் இடத்தில் அதைச் சேருங்கள். 2006-இல் ஹியூஸ்டன் பக்கம் காங்கிரஸ் தேர்தலில் ஷெல்லி செகுலா-கிப்ஸ் ரைட்-இன்னாக நின்றார். அன்றைய எந்திரத்தில் ஒரு சக்கரத்தைச் சுழற்றி ஒவ்வொரு எழுத்தாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தப் பெயரை அப்படி எழுதி முடிக்க எவ்வளவு பொறுமை வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். அவர் தோற்றார். இன்று பல கவுண்டிகளில் தொடுதிரை வந்துவிட்டது, பாடு குறைவுதான்.

வாக்காளர் செல்போனைப் பார்த்து எழுத முடியாது. டெக்சஸில் வாக்களிக்கும் இடத்திலிருந்து 100 அடிக்குள் போன் பயன்படுத்தத் தடை. அதனால் உங்கள் பெயரைப் பெரிய எழுத்தில் அச்சடித்த சின்ன அட்டை கொடுங்கள், சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்த் தானே பார்த்து எழுதலாம், திரும்ப எடுத்து வந்துவிட வேண்டும். அட்டை கொடுக்கும் வேலையை 100 அடிக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் தெரியாத பத்துப் பேரிடம் உங்கள் பெயரை வாயால் சொல்லி எழுதச் சொல்லிப் பாருங்கள். அந்தப் பத்துத் தாளைப் பார்த்தால் எந்தப் பெயரோடு பிரச்சாரத்துக்குப் போக வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

உங்கள் தங்கைக்கும் இந்த இடத்தில் சொல்ல வேண்டியது இருக்கிறது. கலிபோர்னியாவின் சான் டியேகோவில் 2004 மேயர் தேர்தலில் டோனா ஃப்ரை தேர்தலுக்குச் சில வாரமே இருக்கும்போது ரைட்-இன்னாக இறங்கினார். ஜெயித்திருக்க வேண்டியவர் என்று இன்றும் பலர் சொல்வார்கள். 5,500 சொச்சம் வாக்காளர்கள் அவர் பெயரைத் தெளிவாக எழுதிவிட்டு, பக்கத்தில் இருந்த சின்ன வட்டத்தைக் கருப்பாக்காமல் விட்டுவிட்டார்கள். அந்த ஓட்டுகள் எண்ணப்படவில்லை. அவர் தோற்றது சுமார் 2,100 ஓட்டில். எழுதினால் மட்டும் போதாது, வட்டத்தையும் நிரப்ப வேண்டும் என்பதை உங்கள் தங்கை தன் அட்டையில் படம் போட்டே காட்டட்டும். கலிபோர்னியாவில் ரைட்-இன் அறிவிப்பு, தேர்தலுக்கு 57 நாள் முன்னிருந்து 14 நாள் முன்வரை கொடுக்கலாம், கட்டணம் இல்லை. டெக்சஸோடு ஒப்பிட்டால் நிறைய அவகாசம். ஸ்கூல் போர்டு, நகரசபைக்கு இது பொருந்தும். மாநில சட்டமன்றம், காங்கிரஸ் என்றால் முதற்கட்டத் தேர்தலில் மட்டுமே ரைட்-இன், நவம்பரில் அனுமதி இல்லை.

பணம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். ஒரு டாலர் வாங்குவதற்கும் செலவழிப்பதற்கும் முன்பே பிரச்சாரப் பொருளாளர் நியமனப் படிவத்தைப் பள்ளி மாவட்டத்தில் கொடுத்துவிட வேண்டும். நீங்களே பொருளாளராக இருக்கலாம். எச்-1பி விசாவில் இருக்கும் நண்பர்களிடமும் ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவிடமும் நன்கொடை வாங்கவே கூடாது. வெளிநாட்டவர் பணம் உள்ளூர்த் தேர்தலுக்கும் கூட்டாட்சிச் சட்டப்படி தடை. கிரீன் கார்டு உள்ளவர் கொடுக்கலாம். விசாவில் இருப்பவர்கள் சம்பளம் வாங்காமல் அட்டை மடித்துக் கொடுப்பது, வீடு வீடாக உங்களோடு நடப்பது போன்ற உதவிகளைச் செய்யலாம். பொங்கல் விழாவில் உண்டியல் மாதிரி ஒரு பெட்டி வைத்து வசூலிக்கலாம் என்ற யோசனை யாருக்காவது வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். கொடுத்தவர் யார் என்று கணக்கில் பெயர் இருக்க வேண்டும்.

நாளை காலை முதல் வேலையாக, கவுண்டித் தேர்தல் அலுவலகத்துக்குப் போய், நவம்பர் தேர்தலன்று உங்கள் பேரில் குடியிருப்பு அறிக்கை பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் நகல் வாங்குங்கள், அதில் புது முகவரி இருந்தால் அறிவிப்புப் படிவத்தை ஜனவரியிலேயே நிரப்பத் தொடங்கலாம். அறிக்கையே இல்லை என்றால், படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் வீட்டுப் பத்திரம், முதல் மாத மின்கட்டண ரசீது, மகளின் பள்ளிச் சேர்க்கைத் தாள் மூன்றையும் எடுத்துக்கொண்டு உங்கள் ஊரில் ஒரு தேர்தல் சட்ட வழக்கறிஞரை நேரில் பாருங்கள். அந்த இரண்டு நாள் சிக்கலுக்கு விடை அந்த மூன்று தாளில்தான் இருக்கிறது.